கடவுள் பெயர் இடம்பெறாத சாசனம்: அமெரிக்க அரசமைப்பின் கிறித்தவ அடிப்படை குறித்த விவாதம் – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க ஐக்கிய நாடுகள் கிறித்தவ நாடாகவே நிறுவப்பட்டது என்போருக்கும், அதன் அரசமைப்பு சமயத்திலிருந்து விலகியே எழுதப்பட்டது என்போருக்கும் இடையிலான விவாதம் அந்நாட்டின் அளவுக்கே பழமையானது. ஐசக் கிராம்னிக், லாரன்ஸ் மூர் ஆகியோரின் ‘கடவுளற்ற அரசமைப்பு’ (1996), மார்க் டேவிட் ஹாலின் ‘அமெரிக்காவின் தோற்றம் கிறித்தவத் தோற்றமா?’ (2019) ஆகிய இரு ஆங்கில நூல்களை முன்வைத்து இவ்விவாதத்தில் சான்றுகள் கையாளப்படும் முறையை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. நிறுவியோரின் சொந்த நம்பிக்கையை அவர்கள் இயற்றிய சட்டத்தின் பொருளாகக் கொள்ளும் போக்கு இரு தரப்பிலும் காணப்படுவதையும், 1788ஆம் ஆண்டின் ஏற்பு மன்ற விவாதங்கள் அதற்கு மாறான வெளிச்சம் தருவதையும் எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: அமெரிக்க அரசமைப்பு, கிறித்தவம், சமயத் தகுதிச் சோதனை, அரசுத் திருச்சபை, பாப்டிஸ்டுகள், வரலாற்றெழுத்து.

1. வழக்குமன்றம் ஏறிய வரலாறு

2022ஆம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பிரெமர்ட்டன் பள்ளி மாவட்ட வழக்கில் தீர்ப்பளித்தது. அரசுப் பள்ளியொன்றின் கால்பந்துப் பயிற்சியாளர், ஆட்டம் முடிந்ததும் ஆடுகளத்தின் நடுவே மண்டியிட்டு வேண்டுதல் செய்யலாமா என்பது வழக்கு. செய்யலாம் என்றது நீதிமன்றப் பெரும்பான்மை. தீர்ப்பின் முடிவைக் காட்டிலும் அது வகுத்த அளவுகோலே தொலைநோக்கில் முக்கியமானது. அரசு ஒரு சமயத்தை நிறுவலாகாது என்னும் முதல் திருத்தத்தின் பொருளை அறிய, 1971 முதல் நீதிமன்றங்கள் கையாண்டுவந்த மும்முனைச் சோதனை கைவிடப்பட்டது. வரலாற்று நடைமுறைகளும் அன்றையோரின் புரிதலும் அதன் இடத்தைப் பெற்றன.

இதன் விளைவு எளிதில் விளங்கக்கூடியது. 1787ஆம் ஆண்டு பிலடெல்பியாவில் கூடியோர் என்ன எண்ணினர் என்னும் வினா வரலாற்றுத் துறையின் எல்லையைக் கடந்து, இன்றைய குடிமக்களின் உரிமையை வரையறுக்கும் வினாவாகிவிட்டது. பள்ளி வகுப்பறைகளில் பத்துக் கட்டளைகளை மாட்டிவைக்க வேண்டும் என்ற கென்டக்கி மாநிலச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1980இல் செல்லாததாக்கியது. அதே தன்மையுள்ள சட்டம் ஒன்றை லூசியானா மாநிலம் 2024இல் இயற்றியது. உடனே அது வழக்குக்கும் உள்ளாயிற்று. இத்தகைய சூழலில் ‘கிறித்தவத் தோற்றம்’ பற்றி எழுதப்படும் ஒவ்வொரு நூலும், எழுதியவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், நீதிமன்றத்தில் தாக்கல் செய்யப்படும் ஆவணத்துக்கு நிகரான எடையைப் பெறுகிறது. ஆகவே அந்நூல்களின் சான்று முறையைக் கண்டிப்புடன் ஆராய்வது தேவையாகிறது.

2. இரு நூல்கள், இரு முறைகள்

கிராம்னிக்கும் மூரும் கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர்களாக இருந்தவர்கள். அவர்களுடைய வாதத்தின் மையம் அரசமைப்பின் ஆறாம் பிரிவு. ஐக்கிய நாடுகளின் எந்தப் பதவிக்கும் சமயத் தகுதிச் சோதனை வேண்டப்படலாகாது என அது விதிக்கிறது. 1776ஆம் ஆண்டு விடுதலைப் பிரகடனம் படைத்தவனைச் சுட்டுகிறது; 1787ஆம் ஆண்டு அரசமைப்பின் முகப்புரையோ மக்களை மட்டுமே சுட்டுகிறது. இந்த மௌனம் தற்செயலன்று, திட்டமிட்ட முடிவு என்பது நூலாசிரியர்களின் துணிபு. துணிபு சரியானதே. ஆயினும் பொதுவாசகருக்காக எழுதப்பட்டது என்னும் காரணத்தைக் கூறி, அடிக்குறிப்புகள் ஏதுமின்றி நூல் வெளியிடப்பட்டுள்ளது. எதிர்த்தரப்பினர் வரலாற்றைத் திரிக்கின்றனர் எனக் குற்றஞ்சாட்டும் நூல், தன் கூற்றுகளைச் சரிபார்க்கும் வழியை வாசகருக்குத் தராதது பெருங்குறை.

ஹால் அரசியல் அறிவியலாளர். கனெக்டிகட்டின் ரோஜர் ஷெர்மன் பற்றித் தனி ஆய்வு செய்தவர். ‘கிறித்தவத் தோற்றம்’ என்னும் தொடர் எந்தெந்தப் பொருள்களைத் தரக்கூடும் என்று முதலில் பிரித்துப் பார்ப்பது அவருடைய நூலின் சிறப்பு. நிறுவியோர் கிறித்தவர் எனத் தம்மை அழைத்துக்கொண்டனரா, உள்ளத்தால் நம்பினரா, வாழ்வில் அவ்வாறு நடந்தனரா, அவர்களுடைய அரசியல் கருத்துகளைக் கிறித்தவச் சிந்தனை உருவாக்கியதா என்னும் வினாக்கள் வேறுவேறானவை. இவற்றுள் கடைசிப் பொருளையே ஹால் ஏற்கிறார். நிறுவியோரில் பெரும்பாலோர் டீயிஸ்டுகள், அதாவது கடவுள் உலகைப் படைத்தபின் அதில் தலையிடுவதில்லை எனக் கருதியவர்கள், என்னும் பாடநூல் மரபையும் அவர் திறம்பட மறுக்கிறார். ஜெபர்சன், பிராங்க்ளின், ஜான் ஆடம்ஸ் ஆகியோரை வைதிகக் கிறித்தவர் எனல் இயலாது என்பதை அவரே ஒப்புக்கொள்கிறார். ஆனால் சிலரை எடுத்துக்காட்டி எல்லோரையும் அளப்பது தவறு என்கிறார். இதில் அவருக்கு எதிராகச் சொல்ல அதிகமில்லை. விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட ஜான் விதர்ஸ்பூன் பிரெஸ்பிட்டேரியன் குருவானவர். பிரின்ஸ்டனில் ஜேம்ஸ் மாடிசனுக்கு ஆசிரியராக இருந்தவர்.

இவ்விடத்தில் டேவிட் பார்ட்டனின் பெயரையும் குறிப்பிட வேண்டும். ஜெபர்சனைப் பற்றி அவர் எழுதிய நூலை, வரலாற்று அறிஞர்கள், அவர்களுள் கிறித்தவக் கல்லூரிகளில் பணியாற்றுவோரும் பலர், சுட்டிக்காட்டிய பிழைகளை அடுத்து, 2012இல் அதன் பதிப்பகமே திரும்பப் பெற்றது. ஹாலின் நூல் அந்த வகையைச் சேர்ந்ததன்று. பார்ட்டனை மறுத்துவிட்டு ஹாலையும் மறுத்துவிட்டதாக எண்ணுவது சோம்பலான வாசிப்பு.

ஹாலின் முறையில் உள்ள இடர்ப்பாடு ‘செல்வாக்கு’ என்னும் சொல்லில் இருக்கிறது. மனிதர் பாவத்துக்கு உட்பட்டவர். ஆதலால் அதிகாரத்தை ஒருவரிடமே குவிக்கலாகாது. ஆதலால் அதிகாரப் பகிர்வு ஏற்பட்டது. ஆகவே அதன் வேர் கால்வினியத்தின் ஜென்மபாவக் கொள்கை என்பது வாதத்தின் போக்கு. ‘ஃபெடரலிஸ்ட்’ 51ஆம் கட்டுரை மனித இயல்பின் குறையைக் கருத்தில் கொண்டே எழுதப்பட்டது என்பது உண்மை. ஆனால் மனிதரை நம்பி அதிகாரத்தை ஒப்படைக்கலாகாது என்பதைப் பைபிளிலிருந்து மட்டுமா கற்க முடியும்? ரோம வரலாற்றைப் படித்தோர், மாண்டெஸ்கியூவைப் படித்தோர், இங்கிலாந்து அரசர்களிடம் துன்புற்றோர் அனைவரும் அம்முடிவுக்கு வரக்கூடும். பல ஊற்றுகளிலிருந்து வந்து கலந்த நீரில் ஓர் ஊற்றின் நீரை மட்டும் பிரித்துக் காட்ட ஹாலிடம் கருவி இல்லை.

3. 34 விழுக்காடு

அத்தகைய கருவி ஒன்றை உருவாக்க முயன்றவர் டொனால்ட் லுட்ஸ். அவர் 1984இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை இவ்விவாதத்தில் மிகுதியும் எடுத்தாளப்படுவது. அரைகுறையாகவே எடுத்தாளப்படுவதும் அதுவே. 1760 முதல் 1805 வரை அமெரிக்காவில் வெளிவந்த அரசியல் எழுத்துகளில் 916 உருப்படிகளைத் தேர்ந்து, அவற்றில் காணப்படும் 3,154 மேற்கோள் சுட்டுகளை அவர் எண்ணினார். பைபிளுக்கு உரியவை 34 விழுக்காடு. அறிவொளி இயக்கச் சிந்தனையாளர்களுக்கு உரியவை 22 விழுக்காடு. தனி நூல் என்ற அளவில் மிகுதியும் சுட்டப்பட்டது பழைய ஏற்பாட்டின் உபாகமம். இந்த 34 என்னும் எண், கிறித்தவ நாடு என்னும் வாதத்தின் மேடைகளில் பல ஆண்டுகளாக ஒலித்து வருகிறது.

லுட்ஸ் அதே கட்டுரையில் மேலும் இரண்டு செய்திகளைத் தருகிறார். ஒன்று, பைபிள் சுட்டுகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு அச்சிடப்பட்ட பிரசங்கங்களிலிருந்து வந்தவை. அவற்றை நீக்கினால் எஞ்சுவது சுமார் 9 விழுக்காடு. கிரேக்க, ரோம எழுத்தாளர்களுக்குக் கிடைப்பதும் ஏறத்தாழ அதே அளவே. மற்றொன்று, அரசமைப்பை ஏற்பதா மறுப்பதா என்னும் 1787–88ஆம் ஆண்டு விவாதத்தைத் தனியே எடுத்தால், அதை ஆதரித்தோரின் எழுத்துகளில் பைபிள் சுட்டுகளின் பங்கு சுழி. எதிர்த்தோரின் எழுத்துகளில் 9 விழுக்காடு. நிறுவன அமைப்புகள் பற்றிய நுணுக்கமான வாதத்தில் பைபிள் அதிகம் பேசவில்லை என்பதால் இது வியப்புக்குரியதன்று என்பது லுட்ஸின் விளக்கம்.

இந்த இரண்டாம் செய்தியைச் சமயச்சார்பின்மைத் தரப்பினர் உரக்கச் சொல்வர். முதல் எண்ணை மற்றவர் உரக்கச் சொல்வர். இரண்டையும் சேர்த்துப் படித்தால் வேறொரு தோற்றம் புலப்படும். அரசரை எதிர்த்துப் போராட மக்களைத் திரட்டிய மொழி பெரிதும் விவிலிய மொழி. அரசை வடிவமைத்த மொழி அதுவன்று. டேனியல் டிரைஸ்பாக் பின்னர் காட்டியதுபோல், மேற்கோள் குறியின்றி விவிலியச் சொல்லாட்சிகள் அன்றைய உரைநடை முழுவதும் பரவியிருந்தன. அவற்றை எண்ணிக்கையில் அடக்க இயலாது. ஆனால் ஒருவர் தாம் படித்த நூலின் சொற்களில் பேசுவதும், அந்நூலின் விதிப்படி ஆட்சியமைப்பதும் ஒன்றாகா. சொல்லாட்சியை ஆட்சிக் கொள்கையாக்குவது, கம்பனின் தொடர்களைக் கையாளும் மேடைப் பேச்சாளர் அனைவரையும் வைணவர் எனக் கொள்வதற்கு ஒப்பாகும்.

4. 1788: எதிர்த்தோரின் சாட்சியம்

நிறுவியோரின் உள்ளத்தைத் துருவுவதைக் காட்டிலும் பயன்தரும் வழி ஒன்றுண்டு. அரசமைப்பு வெளிவந்தவுடன் அதைப் படித்த அன்றைய மக்கள், சமயம் குறித்து அது என்ன செய்வதாகப் புரிந்துகொண்டனர் என்று பார்ப்பதே அது. ‘கடவுளற்ற அரசமைப்பு’ நூலின் வலுவான பகுதி இதுவே.

1788 ஜூலையில் வட கரோலைனாவின் ஹில்ஸ்பரோவில் கூடிய ஏற்பு மன்றத்தில் ஹென்றி அபட் என்னும் பாப்டிஸ்ட் போதகர் எழுந்து, மக்களிடையே நிலவும் அச்சத்தை எடுத்துரைத்தார். சமயத் தகுதிச் சோதனை இல்லையென்றால் டீயிஸ்டுகளும் முகமதியரும் பல தெய்வங்களை வணங்குவோரும் பதவிக்கு வரக்கூடும் அன்றோ என்பது அந்த அச்சம். பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான ஜேம்ஸ் ஐரெடெல் விடையளித்தார். அவர்களால் வரமுடியாது என்று அவர் மறுக்கவில்லை. மக்கள் தேர்ந்தெடுத்தால் வரலாம். ஒரு பிரிவினரை விலக்கத் தொடங்கினால் சமய விடுதலை என்பதற்கே பொருளில்லாமற் போகும் என்பதே அவர் விடையின் சாரம்.

இவ்வுரையாடலின் சான்றுமதிப்பு மிகப் பெரிது. அரசமைப்பு கிறித்தவ ஆட்சியை உறுதிசெய்கிறது என்று அன்று எவரேனும் நம்பியிருந்தால், அதைச் சொல்லி அச்சத்தைப் போக்க இதைவிடப் பொருத்தமான தருணம் வாய்த்திராது. ஆதரித்தவரும் அதைச் சொல்லவில்லை. எதிர்த்தவரும் அது அவ்வாறு இல்லை என்பதையே குறையாகச் சொன்னார். ஹாலின் ஆய்வு நாயகரான ரோஜர் ஷெர்மனும், பிலடெல்பியா மாநாட்டில் இவ்விதி முன்மொழியப்பட்டபோது, பரவலாக நிலவும் தாராள மனப்பான்மையே போதிய காப்பு என்பதால் விதி தேவையற்றது என்றே கருதினார். விதியின் நோக்கத்தை அவர் எதிர்த்ததாக மாடிசனின் குறிப்புகளில் இல்லை.

மறுதரப்பும் தன் சான்றுகளை மிகைப்படுத்துவதுண்டு. 1797இல் அமெரிக்க மேலவை ஒருமனதாக ஏற்ற திரிப்பொலி உடன்படிக்கையின் 11ஆம் பிரிவு, ஐக்கிய நாடுகளின் அரசு எவ்வகையிலும் கிறித்தவ சமயத்தின்மீது நிறுவப்பட்டதன்று என அறிவிக்கிறது. சமயச்சார்பின்மையாளர் இதை இறுதிச் சான்றாக நீட்டுவது வழக்கம். ஆனால் அது வட ஆப்பிரிக்கக் கடற்கொள்ளையிலிருந்து கப்பல்களைக் காக்க ஒரு முஸ்லிம் அரசுடன் செய்துகொண்ட ஏற்பாடு. அரபு மூலத்தில் அப்பிரிவு இல்லை என்பது 20ஆம் நூற்றாண்டில் வெளிப்பட்டது. 1805ஆம் ஆண்டின் புதிய உடன்படிக்கையில் அவ்வாசகம் விடப்பட்டது. மேலவையினர் ஆங்கில வாசகத்தைப் படித்து எதிர்ப்பின்றி ஏற்றனர் என்பது மட்டும் உறுதியாக எஞ்சுகிறது. அது சிறிய செய்தியன்று. எனினும் அரசமைப்பு விளக்கத்துக்குரிய முழு ஆதாரமும் அன்று.

5. மாநிலங்களும் பாப்டிஸ்டுகளும்

முதல் திருத்தம் (1791) காங்கிரசையே கட்டுப்படுத்தியது; மாநிலங்களைக் கட்டுப்படுத்தவில்லை. பென்சில்வேனியாவின் 1776ஆம் ஆண்டு அரசமைப்பு, சட்டமன்ற உறுப்பினர்கள் பழைய, புதிய ஏற்பாடுகளைத் தெய்வத் தூண்டுதலால் எழுந்தவை என ஒப்புக்கொள்ள வேண்டும் என்றது. டெலவேர் திரித்துவ நம்பிக்கையை வேண்டியது. மாசசூசெட்ஸில் திருச்சபைக்காக வரி வாங்கும் முறை 1833 வரை நீடித்தது. கனெக்டிகட்டில் 1818 வரை. 1816இல் யாழ்ப்பாணத்தில் பணி தொடங்கிய அமெரிக்க மிஷனின் தாய்ச்சங்கம் 1810இல் மாசசூசெட்ஸில் தோன்றியதே. அரசின் வரித்துணை பெற்ற திருச்சபைச் சூழலிலிருந்துதான் அதன் முதல் ஊழியர்கள் புறப்பட்டனர் என்பது தமிழ்க் கிறித்தவ வரலாற்றை ஆய்வோர் கருதத்தக்கது.

ஹால் இம்மாநில நடைமுறைகளைத் தம் வாதத்துக்குத் துணையாக்குகிறார். கிராம்னிக்கும் மூரும் கூட்டாட்சி அளவிலான மௌனத்துக்கே அழுத்தம் தருவதால், இவை அவர்களுடைய சித்திரத்தில் மங்கிப்போகின்றன. ஆனால் இவற்றை எதிர்த்துப் போராடியோர் யாவர் என்று கேட்டால் இரு நூல்களின் எதிர்நிலைகளும் தளர்கின்றன. முன்னணியில் நின்றோர் பாப்டிஸ்டுகள். ஆழ்ந்த பக்தியுடைய கிறித்தவர்கள். வர்ஜீனியாவில் கிறித்தவப் போதகர்களுக்காகப் பொதுவரி விதிக்கும் மசோதாவைப் பேட்ரிக் ஹென்றி ஆதரித்தபோது, அதற்கெதிராக மாடிசன் 1785இல் எழுதிய விண்ணப்பத்துக்கு வலுச்சேர்த்தோரில் அவர்கள் இருந்தனர். 1786இல் ஜெபர்சனின் சமய விடுதலைச் சட்டம் நிறைவேறியது. அதன் முகப்புரையில் இயேசு கிறிஸ்துவின் பெயரைச் சேர்க்க வந்த திருத்தம் பெரும்பான்மையால் தள்ளப்பட்டது எனவும், யூதர், முகமதியர், இந்து, நம்பிக்கையற்றோர் உட்பட அனைவரையும் உள்ளடக்கவே அவ்வாறு செய்யப்பட்டது எனவும் ஜெபர்சன் தம் தன்வரலாற்றில் குறித்தார்.

1802 ஜனவரி முதல் நாள் நிகழ்ந்தவை இதனினும் சுவையானவை. அன்று ஜெபர்சன், கனெக்டிகட்டின் டான்பரி பாப்டிஸ்டுகளுக்கு எழுதிய மடலில் திருச்சபைக்கும் அரசுக்கும் இடையிலான மதில் என்னும் உருவகத்தைக் கையாண்டார். அதே நாளில் மாசசூசெட்ஸின் செஷயர் ஊர் மக்கள் செய்தனுப்பிய மாபெரும் பாலாடைக்கட்டியை ஜான் லீலண்ட் என்னும் பாப்டிஸ்ட் போதகர் அவரிடம் ஒப்படைத்தார். இரண்டு நாள் கழித்து மக்களவைக் கூடத்தில் லீலண்ட் பிரசங்கம் செய்ய, மதிலை எழுப்பிய குடியரசுத் தலைவர் அமர்ந்து கேட்டார். ஒரு தரப்பு மடலை மட்டும் சொல்லும். மறுதரப்பு பிரசங்கத்தை மட்டும் சொல்லும். லீலண்டுக்கோ இரண்டிலும் முரண் தோன்றவில்லை. தம் சபையார் மற்றொரு சபைக்கு வரி கட்ட நேர்ந்ததே அவருடைய சிக்கல். அரசுக் கூடத்தில் இறைவசனம் ஒலிப்பது அவருக்குச் சிக்கலாக இல்லை. ‘சமயச்சார்பின்மை’ என்னும் இன்றைய தமிழ்ச் சொல்லால் இவரைக் குறிக்க இயலாது. அரசுத் திருச்சபை மறுப்பு, அரசு நடுநிலை, சமய மறுப்பு என்னும் மூன்றையும் அச்சொல் ஒன்றாக்கிவிடுகிறது. ‘கடவுளற்ற’ என்னும் கிராம்னிக், மூர் தலைப்பும் அதே குழப்பத்தையே விளைவிக்கிறது.

6. பின்னர் சேர்ந்த கடவுள் வாழ்த்து

கடவுள் வாழ்த்து இல்லாத நூலெல்லாம் நாத்திக நூல் ஆகாது என்பதைத் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. தொல்காப்பியத்திலும் அது இல்லை. அதுபோன்றே நற்றிணை, குறுந்தொகை முதலிய தொகைகளின் கடவுள் வாழ்த்துகள் பாரதம் பாடிய பெருந்தேவனார் பிற்காலத்தில் சேர்த்தவை என்பதும் பாடநூல் செய்தி. பிற்காலச் சேர்க்கையைக் கொண்டு சங்கப் புலவரின் சமயத்தை முடிவுசெய்வோரை ஆய்வுலகம் ஏற்பதில்லை.

அமெரிக்கச் சாசனத்தின் கதையிலும் இத்தகைய சேர்க்கைகள் பல. ஸ்டீவன் கிரீன் 2015இல் வெளியிட்ட நூல், கிறித்தவத் தோற்றம் என்னும் கதையை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத் தலைமுறைகள் தம் நாட்டுக்கு ஒரு புனிதத் தொன்மம் வேண்டிப் புனைந்தன என நிறுவுகிறது. ஃபோர்ஜ் பள்ளத்தாக்கில் வாஷிங்டன் மண்டியிட்டு வேண்டினார் என்னும் கதை மேசன் வீம்ஸின் வாழ்க்கை வரலாற்றால் பரவியது அவ்வாறே. உண்மையில் 1787 ஜூன் 28 அன்று, மாநாட்டைத் தினமும் வேண்டுதலுடன் தொடங்கலாம் என முதிய பிராங்க்ளின் முன்மொழிந்தபோது, அது வாக்கெடுப்புக்கே வராமல் முடிந்தது.

அரசமைப்பில் கடவுள் பெயர் இல்லாமையைப் பின்வந்தோர் நன்கு உணர்ந்திருந்தனர். 1861இல் அடிமைமுறையைக் காக்கப் பிரிந்துபோன தென்மாநிலங்கள் தம் அரசமைப்பின் முகப்புரையில் எல்லாம் வல்ல இறைவனின் துணையை வேண்டின. வடக்கிலோ, உள்நாட்டுப் போரே இறைவனை மறந்ததற்கான தண்டனை எனக் கருதிய போதகர்கள் தேசியச் சீர்திருத்தச் சங்கம் அமைத்து, கிறிஸ்துவின் ஆட்சியை ஒப்புக்கொள்ளும் திருத்தம் ஒன்றைக் கோரினர், அது நிறைவேறவில்லை. முன்னரே கிறித்தவ அரசமைப்பாக இருந்திருந்தால் அக்கோரிக்கைக்கே இடமிராது. 1892இல் ஹோலி டிரினிட்டி வழக்கில் நீதிபதி டேவிட் புரூவர் இது கிறித்தவ நாடு என எழுதினார். வழக்கோ, வெளிநாட்டுக் கூலி ஒப்பந்தத் தடைச்சட்டம் ஒரு போதகரின் பணியமர்வுக்குப் பொருந்துமா என்பது. கிறித்தவம் அரசுச் சமயமென்றோ மக்கள் அதை ஏற்கக் கட்டாயம் உண்டென்றோ பொருளில்லை என்று 1905இல் அவரே விளக்க நேர்ந்தது. அதே 1892இல் நாட்டுக்கொடி உறுதிமொழியை எழுதிய பிரான்சிஸ் பெல்லமி ஒரு பாப்டிஸ்ட் போதகர்; அவர் கடவுளைச் சேர்க்கவில்லை. 1954இல், பொதுவுடைமை எதிர்ப்பின் உச்சத்தில், காங்கிரஸ் சேர்த்தது.

7. விலக்கப்பட்டோரின் பக்கம்

ஹாலின் நூலுக்கு நியாயம் செய்ய வேண்டின், கிறித்தவத் தோற்றம் என்பதன் விளைவாக எல்லாச் சமயத்தாருக்கும் விடுதலை உண்டு என்றே அவர் முடிப்பதைச் சொல்ல வேண்டும். ஆனால் அந்த விடுதலை எவ்வாறு வந்தது என்பதில் அவருடைய நூல் விரைந்து கடக்கிறது. 1790இல் நியூபோர்ட் யூதச் சபைக்கு வாஷிங்டன் எழுதிய மடல், ஒரு பிரிவினர் மற்றொரு பிரிவினருக்குக் காட்டும் சகிப்பு என்னும் கருத்தையே தள்ளிவிட்டது. மாநிலங்கள் அதைப் பின்பற்றப் பல தலைமுறைகள் ஆயின. மேரிலாண்டில் யூதர் பதவி வகிக்க 1826இல்தான் வழி பிறந்தது. வட கரோலைனா 1835இல், அதுவரை ‘புராட்டஸ்டண்ட்’ என்றிருந்த தகுதிச் சொல்லைக் ‘கிறித்தவர்’ என மாற்றியது. கத்தோலிக்கருக்குக் கதவு திறந்தது, யூதருக்குத் திறக்கவில்லை. பிரடெரிக் டக்ளஸ் 1845இல் தம் வரலாற்றின் பிற்சேர்க்கையில், கிறிஸ்துவின் கிறித்தவமும் இந்நாட்டின் கிறித்தவமும் வெவ்வேறு எனப் பிரித்துக் காட்ட வேண்டியிருந்தது. அடிமை வைத்திருந்தோரும் சபையில் அமர்ந்திருந்தனர்.

நிறுவியோர் எதை நம்பினர் என்னும் வினாவுக்குள் இவர்கள் யாருக்கும் இடமில்லை. ஹாலும் எதிர்த்தரப்பினரும் அவ்வினாவையே முதல் வினாவாக வைத்துக்கொண்டதன் இழப்பு இது. கடவுள் உண்டு என அறிவிக்க மறுத்ததால் பதவி மறுக்கப்பட்ட மேரிலாண்டுக் குடிமகன் ஒருவரின் வழக்கில், மாநிலப் பதவிகளுக்குமான சமயத் தகுதிச் சோதனையை உச்ச நீதிமன்றம் நீக்கியது 1961ஆம் ஆண்டு. ஹில்ஸ்பரோ மன்றத்தில் ஐரெடெல் விடைகூறி அப்போது 173 ஆண்டுகள் ஆகியிருந்தன. அக்குடிமகன் கோரிய பதவி, ஆவணங்களுக்குச் சான்றொப்பமிடும் நோட்டரி பதவி.